தங்கைக்கு ஒரு வருட நர்சிங் டிப்ளமோ, 48,000 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

பென்னாகரம்_ரோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பயாலஜி குரூப், 600க்கு 418. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர், பாதியில் மரவள்ளி, தண்ணீர் இருக்கிற வருடம் மீதியில் தக்காளி. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறேன், மாதம் ஒருமுறைதான் ஊருக்குப் போவேன்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு இடம், சமுதாயக் கல்லூரி என்று போர்டு போட்டிருக்கிறார்கள். நர்சிங் அசிஸ்டென்ட், லேப் டெக்னீஷியன், ஆபீஸ் ஆட்டோமேஷன், ஏசி மெக்கானிக் எல்லாம் ஒரே மாடியில். எல்லாமே ஒரு வருட டிப்ளமோ. நர்சிங்குக்கு 48,000 ரூபாய், மூன்று தவணை, வெள்ளைக் கோட்டும் ஐடி கார்டும் அதிலேயே சேர்ந்துவிடும், படிப்பு முடிந்ததும் வேலைக்கு அவர்களே கியாரண்டி என்கிறார்கள். போன வாரம் அம்மாவும் தங்கையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். தங்கைக்குப் பிடித்துவிட்டது, அம்மாவுக்கும் தருமபுரியைத் தாண்டாமல் போய்வரலாம் என்பதில் நிம்மதி. வெள்ளிக்கிழமைக்குள் முதல் தவணையும் ஒரிஜினல் மார்க்ஷீட்டும் கொடுத்தால்தான் சீட் என்று அங்கே இருந்த மேடம் சொல்லியிருக்கிறார். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது, அதனால் பணம் தடை இல்லை, ஆனால் அது போனால் மறுபடி இரண்டு வருடம் ஆகும்.

என்னோடு வேலை செய்கிறவர் ஐடிஐயில் போடு என்கிறார், சித்தப்பா டைப்ரைட்டிங்கும் டேலியும் (கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற சாப்ட்வேர்) போதும் என்கிறார். எங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகள் பாதிப்பேர் கம்பெனி பஸ் ஏறி ஓசூர் பக்கம் போய்விட்டார்கள், ஹாஸ்டலில் தங்கி ஷிப்ட் பார்க்கிறார்கள். தங்கைக்கு அதில் விருப்பமில்லை, ஆஸ்பத்திரி வேலைதான் வேண்டும் என்கிறாள். ஒரு வருடத்தில் நர்ஸ் ஆகிவிட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


காரிமங்கலம்_லேப் எழுதியது:

தம்பி, வெள்ளிக்கிழமை பணம் கட்டாதீர்கள். ஒரிஜினல் மார்க்ஷீட்டை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

நான் 14 வருடமாக லேபில் இருக்கிறேன். நர்ஸ் என்றால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறவர். அந்த எண் கிடைக்கிற படிப்புகள் ஏஎன்எம் என்கிற துணை நர்ஸ் படிப்பு இரண்டு வருடம், ஜிஎன்எம் என்கிற முழு நர்சிங் டிப்ளமோ மூன்று வருடம், பிஎஸ்சி நர்சிங் நான்கு வருடம். ஒரு வருட டிப்ளமோவுக்கு அந்தப் பதிவு கிடையாது, போர்டில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் சரி. ஒரு வருடம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் உதவியாளர்கள். படுக்கை மாற்றுவது, நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போவது, டெம்பரேச்சர் பார்த்துக் குறித்து வைப்பது. அவர்கள் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் ஓடாது, அந்த வேலையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 48,000 கொடுத்து அதைப் படிக்க வேண்டியதில்லை, அதோடு பத்து வருடம் கழித்தும் அதே இடத்தில்தான் நிற்பார்கள். நர்ஸ் ஆக வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து ஜிஎன்எம் சேர வேண்டும், இந்த ஒரு வருடம் அதில் கழியாது.

418 மார்க், பயாலஜி குரூப் என்கிறீர்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பாராமெடிக்கல் படிப்புகளுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்குகிறது, பிளஸ் டூ மார்க் வைத்து ரேங்க் போட்டு கவுன்சலிங் நடத்துகிறார்கள். டிஎம்எல்டி என்கிற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ இரண்டு வருடம். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும், உங்கள் தங்கைக்கு இருக்கிறது. அப்புறம் ஒரு வருட சான்றிதழ் படிப்புகள் தனியாக வரும்: டயாலிசிஸ், அனஸ்தீசியா (மயக்க மருந்து), ஆபரேஷன் தியேட்டர், எமர்ஜென்சி கேர், ஈசிஜி இப்படி. நம் தருமபுரியிலேயே 2008லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் வந்துவிட்டது. விண்ணப்பம் வருகிற தேதியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு வாரம் தவறவிட்டு வருடத்தையே விட்டவர்கள் நிறையப் பேர். எங்கள் லேபுக்கு எதிர்வீட்டுப் பையனே அப்படி விட்டான்.

ஒரு வருடப் படிப்பு எல்லாமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் லேப் டெக்னீஷியன் கிரேடு 3 எடுக்கும்போது கேட்பதே ஒரு வருட லேப் சான்றிதழ்தான், ஆனால் மருத்துவக் கல்வி இயக்ககம் அங்கீகரித்த இடத்தில் படித்திருக்க வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். அதே ஒரு வருடம், அதே பெயர், சான்றிதழில் யார் கையெழுத்து என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

எங்களிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் முதல் நாள் ஒன்று கேட்பேன், ரத்தம் எடுக்கிற ட்யூப்களில் எது எதற்கு என்று. ஊதா மூடியில் இடிடிஏ இருக்கும், ரத்தம் உறையாது, செல் எண்ணிக்கை பார்க்க அது. சாம்பல் மூடியில் ஃப்ளோரைடு, ரத்த செல்கள் சர்க்கரையைத் தின்றுவிடாமல் தடுக்கும், அதனால் சுகருக்கு அது. நீல மூடியில் சிட்ரேட், ரத்தம் உறைகிற நேரம் பார்க்க, அதில் கோடு வரைக்கும் சரியாக நிரப்பவில்லையென்றால் ரிசல்ட்டே தப்பாக வரும். முறையாகப் படித்த பிள்ளை காரணத்தோடு சொல்லும். மாடியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் பலருக்கு நிறம் மட்டும் மனப்பாடமாக இருக்கும், அது அவர்கள் தப்பு இல்லை, அங்கே மைக்ராஸ்கோப்பே ஒன்றுதான் இருந்ததாம்.


ஊத்தங்கரை_சுமை எழுதியது:

இதைப் படித்ததும் எனக்கு என் கதையே திரும்ப வந்தது, அதனால் எழுதுகிறேன். இடத்தின் பெயர், ஊர் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் ஒரு வருட நர்சிங்கில் சேர்ந்தேன். சேரும்போதே மார்க்ஷீட், டிசி இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாலு மாதம் வகுப்பு, மீதி எட்டு மாதம் பயிற்சி என்று ஒரு நர்சிங் ஹோமில் விட்டார்கள், வாரம் மூன்று நைட் டூட்டி, சம்பளம் ஒன்றும் இல்லை. பஸ் காசு கூட வீட்டிலிருந்துதான். நடுவில் எனக்கு வேறு கல்லூரியில் இடம் கிடைத்தது. போகிறேன் என்று கேட்டால் முழு வருடப் பணத்தையும் கட்டிவிட்டு மார்க்ஷீட்டை வாங்கிக்கொள் என்றார்கள். அப்பா அலைந்து அலைந்து ஓய்ந்துபோனார். அந்த இடம் போய்விட்டது. கடைசியில் வந்த சான்றிதழில் இருந்தது அவர்களுடைய டிரஸ்ட் பெயர் மட்டும்தான், எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, போர்டும் இல்லை. அரசு வேலைக்குப் போட்ட விண்ணப்பம் அந்த ஒரு வரியில் நின்றது.

இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங் பார்க்கிறேன், அதோடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட டெஸ்க். நோயாளி அட்மிட் ஆனதும் ரிப்போர்ட், ஸ்கேன், குடும்ப அட்டை எல்லாம் ஏற்றி முன் அனுமதி வாங்குவது, டிஸ்சார்ஜ் ஆனதும் சம்மரியும் பில்லும் ஏற்றுவது. ஒரு பேப்பர் விட்டுப்போனால் அந்தக் குடும்பத்துக்கு பணம் நிற்கும், அதனால் வீட்டுக்குப் போன பிறகும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரி வேலை என்றால் ஊசி போடுவது மட்டும்தான் என்று 18 வயதில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, உங்கள் தங்கைக்காவது சொல்லுங்கள். கம்ப்யூட்டரும் வேகமாக டைப் செய்யவும் தெரிந்தால் இந்தப் பக்கமும் வழி இருக்கிறது.


கிருஷ்ணகிரி_வாத்தியார் எழுதியது:

சமுதாயக் கல்லூரி என்ற பெயரைக் கேட்டதும் எல்லோரும் பயப்படும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அது நல்ல நோக்கத்தில் வந்த ஏற்பாடு. 1995ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது, 1996ல் சென்னையில் ஒன்று வந்தது. படிப்பை நடுவில் விட்டவர்கள், கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர்கள் உள்ளூரில் கிடைக்கிற வேலைக்கான திறமையைக் குறைந்த செலவில் கற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் எண்ணம். வகுப்பு பாதி, வேலை செய்கிற இடத்தில் பயிற்சி பாதி. பிறகு யுஜிசியும் (பல்கலைக்கழக மானியக் குழு) கல்லூரிகளுக்குள்ளேயே இதைக் கொண்டுவந்தது. நன்றாக நடத்துகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிரச்சினை, அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம் என்பதுதான். அதனால் போய்க் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த போர்டு, போன வருடம் முடித்த மாணவரின் சான்றிதழ் ஒன்றைக் காட்ட முடியுமா, பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், அங்கே எத்தனை மணி நேரம். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். சொன்ன பெயரை வீட்டுக்கு வந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் சரிபாருங்கள்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. உங்கள் தங்கை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும், படிப்பு முடிகிற வரைக்கும். பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எல்லாவற்றுக்கும் உண்டு. ஆனால் அங்கீகாரம் பெற்ற இடத்தில் நேரில் போய்ப் படிக்க வேண்டும், தொலைதூரக் கல்வியில் சேர்ந்தால் கிடையாது. அந்த மேடத்திடம் இதையும் கேளுங்கள்: "எங்கள் பிள்ளைக்குப் புதுமைப் பெண் பணம் வருமா?" அங்கீகாரத்தைப் பற்றி நீங்கள் பத்துக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வதை இந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துகொள்ளலாம்.


ஓசூர்_ஏ_ஷிப்ட் எழுதியது:

நண்பா, ஐடிஐயை லேசாக ஒதுக்கிவிடாதீர்கள். கடகத்தூர் அரசு ஐடிஐ உங்கள் அம்மா சொல்கிற தூரத்துக்குள்தான் இருக்கிறது. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் தருகிறார்கள், பெண்களுக்கு வயது வரம்பும் இல்லை. வாத்தியார் சொன்ன 1,000 ரூபாய் இதற்கு மேல்.

நான் ஃபிட்டர், இரண்டு வருடம். முடித்துவிட்டு ஓசூரில் ஒரு வருடம் அப்ரன்டிஸ். என் பேட்சில் நான்கு பெண்கள், அதில் ஒருவர் மெஷினிஸ்ட், இப்போது சிஎன்சியில் (கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷின்) புரோகிராம் போட்டு, டூல் அளவைச் சரிசெய்கிற ஆஃப்செட் எடுக்கிறார், லைனில் நிற்கிற எங்களுக்கெல்லாம் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவோம். ஹாஸ்டலில் தங்கி லைனில் பாகம் கோக்கிற வேலைக்கும் ஒரு டிரேடு (தொழிற்பிரிவு) சான்றிதழோடு உள்ளே போவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கான்ட்ராக்ட்டில் இருக்கிற உங்களுக்கே தெரியும். ஆபீஸ் பக்கம் போக வேண்டுமென்றால் கோபா என்று ஒரு டிரேடு இருக்கிறது, ஒரு வருடம், கம்ப்யூட்டர். அதற்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் வரும், எந்த ஊரிலும் செல்லும்.

இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பிஇயிலும் நேரடியாக இரண்டாம் வருடம், பர்கூரிலும் செட்டிக்கரையிலும் அரசு இன்ஜினியரிங் கல்லூரியே இருக்கிறது. அதாவது எங்கேயும் கதவு அடைபடாது. சரி, பிள்ளைக்கு ஆஸ்பத்திரிதான் பிடிக்கும் என்றால் நான் வற்புறுத்தமாட்டேன், பிடிக்காத டிரேடில் இரண்டு வருடம் அரம் பிடித்து இரும்பைத் தேய்ப்பது கொடுமை.


அரூர்_ஹையர் எழுதியது:

டைப்ரைட்டிங் பற்றி உங்கள் சித்தப்பா சொன்னது தப்பில்லை, ஆனால் "போதும்" என்பதுதான் சரியில்லை. விண்ணப்பம், கவுன்சலிங் என்று எப்படியும் சில மாதம் வீட்டில் இருப்பாள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காலை ஒரு மணி நேரம் போடுங்கள். வேறு எந்தப் படிப்பையும் அது தடுக்காது.

பரீட்சை வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும், நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. தமிழ், இங்கிலீஷ் இரண்டும் தனித்தனி. குரூப் 4ல் டைப்பிஸ்ட் ஆக பத்தாம் வகுப்போடு இரண்டு மொழியிலும் ஹையர் இருக்க வேண்டும், அல்லது ஒன்றில் ஹையர், இன்னொன்றில் லோயர். சிஓஏ என்ற கம்ப்யூட்டர் சான்றிதழும் கேட்பார்கள். நான் தமிழ் ஹையரில் ஒருமுறை ஃபெயில், "யளனக" என்று விரலுக்குத் திரும்பவும் முதலிலிருந்து பழக்கி அடுத்த முறை பாஸ். இப்போது அரசு அலுவலகத்தில் இருக்கிறேன்.

டேலி என்று தனியாக மூன்று மாதம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு என்ட்ரி போடத் தெரிகிறது, மாதா மாதம் கொடுக்கிற ஜிஎஸ்டி வரிக் கணக்கில் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 1 படிவம் எதற்கு, 20ஆம் தேதிக்குள் 3பி படிவம் எதற்கு என்று தெரிவதில்லை. என் தங்கை ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு மாதம் குறைந்த சம்பளத்துக்கு உட்கார்ந்துதான் அதைக் கற்றுக்கொண்டாள். டேலியும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த மாதிரி ஒரு ஆபீஸில் சேர்ந்துகொண்டே படித்தால்தான் பயன்.


பென்னாகரம்_ரோடு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வியாழக்கிழமை லீவு போட்டு ஊருக்கு வந்து தங்கையையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். நீங்கள் எழுதியதையெல்லாம் முந்தின நாள் ராத்திரியே போனில் படித்துக் காட்டியிருந்தேன், அங்கே போய் நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டுவிட்டாள், "மேடம், எனக்குப் புதுமைப் பெண் பணம் வருமா?" என்று. அந்த மேடம், அதெல்லாம் கல்லூரிக்குத்தான், இங்கே நீ சீக்கிரம் வேலைக்குப் போய்விடுவாயே என்றார். பழைய சான்றிதழ் ஒன்றைக் காட்டச் சொன்னேன், ஆபீஸ் ரூம் சாவி இல்லை, சனிக்கிழமை வாருங்கள் என்றார். நர்சிங் கவுன்சில் பதிவு பற்றிக் கேட்டதற்கு டெல்லியிலிருந்து வரும் சான்றிதழ், இந்தியா முழுக்கச் செல்லும் என்று சொன்னார். எழுந்து வந்துவிட்டோம். அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை அங்கே சேர்ந்துவிட்டாள், அவர்கள் வீட்டுக்கும் இதைப் போய்ச் சொல்ல வேண்டும்.

லேப் அக்கா, ட்யூப் மூடி நிறம் பற்றி நீங்கள் எழுதியதைத் தங்கை நாலு தடவை படித்தாள். செல்கள் சர்க்கரையைத் தின்னும் என்பது பாடத்தில் படித்ததுதானே என்று அவளுக்கு ஆச்சரியம். டிஎம்எல்டிக்கும் ஜிஎன்எம்முக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடலாம் என்று முடிவு. திங்கட்கிழமையிலிருந்து காலை ஏழு மணிக்கு டைப்ரைட்டிங், ஒரு மணி நேரம். ஒரே ஒரு சந்தேகம், விண்ணப்பத்துக்கு என்னென்ன சான்றிதழ் இப்போதே வாங்கி வைக்க வேண்டும்?


காரிமங்கலம்_லேப் எழுதியது:

நல்லது தம்பி. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் மூன்றும் இ-சேவை மையத்தில் இப்போதே போட்டு வையுங்கள், கடைசி நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் போடுவார்கள், விஏஓ கையெழுத்துக்கே நாள் போய்விடும். குடும்பத்தில் யாருமே பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் கையோடு வாங்கிவிடுங்கள், பின்னால் எதற்காவது உதவும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாள் என்று தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார், பாங்க் கணக்கு இரண்டிலும் பெயரின் இனிஷியல் மார்க்ஷீட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள், அங்கேதான் நிறையப் பேருக்குச் சிக்கல் வருகிறது.

தங்கையை ஒரு நாள் எங்கள் லேபுக்கு அனுப்புங்கள், தனி மெசேஜில் இடம் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டால் வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வருகிற கூட்டத்தைப் பார்க்கலாம். ஊசியையும் ரத்தத்தையும் பார்த்துத் தலை சுற்றாமல் இரண்டு மணி நேரம் நிற்கிறாளா என்று அவளே தெரிந்துகொள்ளட்டும். அன்றைக்கு மட்டும் டைப்ரைட்டிங்குக்கு லீவு சொல்லிவிடுங்கள்.